காத்திருக்கச் சொல்லும் ஷோரூம், தள்ளுபடி தரும் ஷோரூம்: எதை நம்புவது?

கேள்வி: வீட்டில் சார்ஜ் போட்டு மின்சாரத்திலும், பெட்ரோலிலும் ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட் கார் வாங்கலாம் என்று இரண்டு ஷோரூம் ஏறி இறங்கினேன். முதல் இடத்தில் வண்டியே இல்லை. புக் செய்தால் எட்டு மாதம் ஆகுமாம். ஆக்சஸரி பேக்கேஜ் சேர்த்து எடுத்தால் சீக்கிரம் தருவார்களாம். அவசரம் என்றால் சாதாரண ஹைப்ரிட் எடுங்கள், நாளைக்கே டெலிவரி என்கிறார்கள். வேறு கம்பெனியின் ஷோரூமில் இதே ரக வண்டி யார்டு நிறைய நிற்கிறது. மாதக் கடைசிக்குள் எடுத்தால் பெரிய தள்ளுபடியாம், அரசுச் சலுகையும் சீக்கிரம் நின்றுவிடுமாம். உண்மையில் இந்த வண்டிக்குக் கிராக்கி இருக்கிறதா, இல்லையா? நான் காத்திருக்கவா, தள்ளுபடியைப் பிடித்துக்கொள்ளவா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

டீலர்களுக்கு வண்டி ஒதுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த காலி ஷோரூமை வைத்தும் கிராக்கியை எடைபோட முடியாது, நிரம்பிய யார்டை வைத்தும் முடியாது. கம்பெனி எத்தனை வண்டி செய்தது, அதை எந்த டீலருக்கு அனுப்பியது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. வாங்குகிறவரின் விருப்பம் அந்தக் கணக்கில் கொஞ்சம் பின்னால்தான் வரும்.

பேட்டரியிலிருந்து ஆரம்பிக்கலாம். வெளியே சார்ஜ் போடத் தேவையில்லாத சாதாரண ஹைப்ரிடில் இருப்பது ஒன்று, ஒன்றரை யூனிட் மின்சாரம் பிடிக்கும் சின்ன பேட்டரி. பிளக்-இன் வண்டிக்குப் பத்திலிருந்து இருபது யூனிட் வரை வேண்டும். டொயோட்டா 2023-இல் இதை வெளிப்படையாகவே கணக்குப் போட்டுச் சொன்னது: நீண்ட தூரம் ஓடும் ஒரே ஒரு முழு மின்சாரக் காருக்கான கனிமங்களை வைத்து ஆறு பிளக்-இன் ஹைப்ரிட் செய்யலாம், அல்லது தொண்ணூறு சாதாரண ஹைப்ரிட் செய்யலாம். அப்படியானால் உங்களுக்கு ஒரு பிளக்-இன் வண்டி தரும்போது பதினைந்து சாதாரண ஹைப்ரிடுக்கான சரக்கு போய்விடுகிறது. பேட்டரி தட்டுப்பாடாக இருக்கும் காலத்தில் கம்பெனி எதைக் கூடுதலாகச் செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. "சாதாரண ஹைப்ரிட் நாளைக்கே" என்று உங்களிடம் சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான். இன்னொரு காரணமும் உண்டு. பிளக்-இன் வண்டியை விளக்க அரை நாள் பிடிக்கும்: வீட்டில் எந்த சாக்கெட், எத்தனை ஆம்பியர், எவ்வளவு நேரம், எந்த மோடில் ஓட்டுவது. சாதாரண ஹைப்ரிடுக்குச் சாவியைக் கொடுத்தால் போதும். கமிஷன் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், விற்பனையாளர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதும் புரிகிற விஷயம்தான்.

காலி ஷோரூமுக்கு ஓர் உதாரணம்: டொயோட்டாவின் பிளக்-இன் வண்டியான ரேவ்4 பிரைம் 2020-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மின்சாரத்தில் மட்டும் 42 மைல், அதாவது சுமார் 68 கிலோமீட்டர் ஓடும்; மொத்த சக்தி 302 குதிரைத்திறன். வாங்க ஆள் குவிந்தார்கள். ஆனால் முதல் வருடத்துக்கு என்று அந்த நாட்டுக்கே ஒதுக்கப்பட்டது ஏறக்குறைய 5,000 வண்டிதான். ரேவ்4 வரிசை மொத்தமாக அந்த வருடம் அங்கே நாலு லட்சத்துக்கு மேல் விற்றது என்பதோடு வைத்துப் பாருங்கள். பல டீலர்கள் கம்பெனி குறித்த ஸ்டிக்கர் விலைக்கு மேல் ஆயிரக்கணக்கில் டாலர் ஏற்றி விற்றார்கள், அதையும் கொடுத்து வாங்கினார்கள். "பிளக்-இன் ஹைப்ரிட் விற்பதில்லை" என்று சொல்லப்பட்ட அதே காலத்தில்தான் இதெல்லாம் நடந்தது.

இனி நிரம்பிய யார்டுக்கு வருவோம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் புகை விதிகளைப் பின்பற்றும் மாநிலங்கள் ஒரு டஜனுக்கு மேல் இருந்தன. அங்கே விற்கும் வண்டிகளில் இத்தனை பங்கு மின்சார, பிளக்-இன் போன்ற சுத்தமான வண்டியாக இருக்க வேண்டும் என்ற கணக்கு கம்பெனியின் தலையில் விழுந்தது. 2023-இல் ஜீப், கிரைஸ்லர் வண்டிகளைச் செய்யும் ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனம் அந்த மாநில டீலர்களுக்கு, வாடிக்கையாளர் ஆர்டர் இல்லாமல் வெறும் பெட்ரோல் வண்டி அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தது. யார்டில் நிறுத்தி விற்க வேண்டுமென்றால் பிளக்-இன் வண்டிதான். டீலர்கள் கேட்டது ஒன்று, லாரியில் வந்து இறங்கியது இன்னொன்று. அப்படி வந்து குவிந்த வண்டிகளைப் பார்த்துவிட்டு "மக்களுக்கு இது பிடிக்கவில்லை" என்று முடிவு கட்டினால் அது தப்பான முடிவு. "மக்களுக்கு இதுதான் வேண்டும்" என்றாலும் தப்புதான்.

டீலருக்கும் கம்பெனிக்கும் இடையில் ஓடும் ஒதுக்கீட்டு முறையிலேயே ஒரு சுழற்சி இருக்கிறது. போன முறை அனுப்பிய வண்டியை யார் சீக்கிரம் விற்றாரோ அவருக்கு அடுத்த முறை அதிகம் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு டீலருக்குப் பிளக்-இன் வண்டியே அனுப்பவில்லை என்றால் அவர் விற்க முடியாது. விற்கவில்லை என்றால் "இந்த டீலருக்குத் தேவை பூஜ்யம்" என்று கம்ப்யூட்டரில் பதிவாகும். அடுத்த மாதமும் வண்டி வராது. அந்த ஷோரூமுக்கு வந்து கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் எந்தக் கணக்கிலும் ஏறமாட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த ரக வண்டியின் விற்பனையைப் பற்றிய பேச்சு பாதிக்கு மேல் தடம் மாறிப் போவது இந்த இடத்தில்தான்.

காத்திருப்போர் பட்டியலும் அப்படியே நம்பத்தக்கதல்ல. வண்டி அரிதாக இருக்கும்போது ஒரே ஆள் மூன்று டீலரிடம் முன்பணம் கட்டுவார். மூன்று பட்டியலிலும் அவர் பெயர் இருக்கும். யாரிடம் முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ரத்து செய்துவிடுவார். எட்டு மாதம் என்று சொன்னது நாலு மாதத்தில் வருவதும், அடுத்தடுத்த நாளில் ரத்து வந்து யார்டில் வண்டி தேங்குவதும் இதனால்தான். அதோடு, உங்கள் புக்கிங் கம்பெனி சிஸ்டத்தில் ஏறியதா, டீலரின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறதா என்பது மிக முக்கியம். கம்பெனி ஆர்டர் எண் கேளுங்கள். எண் இருந்தால் உங்கள் வண்டி கட்டப்படும் வாரத்தையே சொல்ல முடியும். "அதெல்லாம் அப்புறம் வரும் சார்" என்றால், ஏதாவது வண்டி வந்தால் பார்க்கலாம் என்ற நம்பிக்கைக்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். ஆக்சஸரி பேக்கேஜை வாங்கினால் வரிசையில் முன்னேற்றம் என்பதும் டீலர் தன் கையிருப்பில் வைத்துக்கொண்ட சலுகைதான்; கம்பெனிக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. அதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள், அநேகமாகப் பேச்சு மாறிவிடும்.

இப்போது தள்ளுபடி. எந்த டீலரிடமும் வண்டி வயதுப் பட்டியல் என்று ஒன்று இருக்கும். சேசிஸ் எண், நிறம், வந்த தேதி, கடைசி பத்தியில் எத்தனை நாளாக நிற்கிறது என்ற எண்ணிக்கை. வண்டிகளைப் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்கி நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். அறுபது நாள் வரை யாரும் பெரிதாகக் கவலைப்படமாட்டார்கள். தொண்ணூறைத் தாண்டினால் மேனேஜர் காலையில் வந்ததும் பார்ப்பது அந்த வரிகளைத்தான். இதோடு கம்பெனி வைக்கும் இலக்கும் சேரும்: இந்த மாதம் இத்தனை வண்டி விற்றால் விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் கூடுதல் பணம் என்பார்கள். இலக்குக்கு இரண்டு வண்டி குறைவாக இருக்கும் டீலர் அந்த இரண்டையும் நஷ்டத்துக்குக்கூடத் தருவார், ஏனென்றால் அவருடைய லாபம் மொத்தக் கணக்கில் திரும்பி வந்துவிடும். ஆகவே உங்களிடம் சொன்ன மாதக் கடைசி பொய் இல்லை. ஆனால் அந்த அவசரம் அவருடையது, உங்களுடையது இல்லை. அடுத்த மாதத்துக்கும் ஒரு கடைசி உண்டு.

கம்பெனி டீலருக்குத் தரும் இந்தப் பணம் விளம்பரத்தில் வராது. வாங்குகிறவருக்கு அறிவித்த சலுகை என்றால் அது உங்கள் உரிமை. டீலருக்குத் தந்த பணத்தில் உங்களுக்கு எவ்வளவு என்பது பேரத்தைப் பொறுத்தது. அதேபோல் குறைந்த வட்டித் தவணை என்று சொன்னால், அதற்குப் பதிலாக ரொக்கத் தள்ளுபடி எவ்வளவு என்றும் கேளுங்கள். பல நேரம் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், லாபம் எது என்பது உங்கள் தவணைக் காலத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அரசு மானியத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மானியம் யார் பெயரில் வந்தாலும், அது யார் பையில் போய்ச் சேரும் என்பதை ஸ்டாக்தான் முடிவு செய்கிறது. வண்டி அரிதாக இருந்தால் டீலர் விலையை ஏற்றுவார், அல்லது தள்ளுபடியை நிறுத்திவிடுவார். மானியம் உங்கள் கையைத் தொட்டுவிட்டு அவரிடம் போய்விடும். யார்டு நிரம்பியிருந்தால் மானியமும் உங்களுக்கு, தள்ளுபடியும் உங்களுக்கு. உங்கள் முதல் ஷோரூமில் மானியம் இருந்தாலும் ஆக்சஸரி பேக்கேஜ் அதை விழுங்கிவிடக்கூடும். இரண்டாவது ஷோரூமில் அது முழுசாக உங்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம்.

மானிய விதி வண்டியின் உருவத்தையே மாற்றும். அமெரிக்காவின் பழைய வரிச் சலுகை பேட்டரி அளவை வைத்து ஏறியது. 4.4 யூனிட் பேட்டரி கொண்ட பழைய பிரியஸ் பிளக்-இன்னுக்கு 2,500 டாலர். 16 யூனிட் பேட்டரியோடு 2010 டிசம்பரில் வந்த செவ்ரலே வோல்ட்டுக்கு முழுசாக 7,500 டாலர். 2022 ஆகஸ்ட் 16 அன்று புதிய சட்டம் கையெழுத்தான அன்றே, வட அமெரிக்காவில் கட்டப்படாத வண்டிகளுக்கு இந்தச் சலுகை நின்றது. ஜப்பானிலிருந்து வரும் ரேவ்4 பிரைமும் அதில் அடிபட்டது. ஆனால் 2023 முதல் லீஸுக்கு, அதாவது மாத வாடகைக்கு, விடும் வண்டிகள் வேறு பிரிவின் கீழ் வந்தன. அந்தப் பிரிவில் வண்டியை எங்கே கட்டினார்கள் என்ற கேள்வியே எழவில்லை. ஒரே வண்டி, சொந்தமாக வாங்கியவருக்குச் சலுகை கிடைக்கவில்லை, லீஸுக்கு எடுத்தால் கிடைத்தது. அந்தச் சலுகையும் லீஸ் நிறுவனத்துக்குத்தான் போனது; அதை மாதத் தொகையில் குறைத்துத் தருவது அவர்கள் இஷ்டமாக இருந்தது. தந்தவர்கள் உண்டு, பாதியைத் தங்களோடு வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

அப்புறம் தேதி. "சலுகை நின்றுவிடும்" என்று யாராவது சொன்னால், எந்தத் தேதி கணக்கில் எடுக்கப்படுகிறது என்று கேட்பதுதான் முதல் வேலை. புக்கிங்கா, இன்வாய்ஸா, பதிவா, டெலிவரியா? ஜெர்மனியில் பிளக்-இன் வண்டிகளுக்கான மானியம் 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. வண்டி கைக்கு வந்து பதிவான பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பது விதி. மாதக்கணக்கில் முன்னால் ஆர்டர் கொடுத்துவிட்டு, உதிரிபாகத் தட்டுப்பாட்டால் டெலிவரி ஜனவரிக்குத் தள்ளிப்போனவர்கள் மொத்தத்தையும் இழந்தார்கள். டிசம்பரில் பதிவு எகிறியது, ஜனவரியில் பாதாளத்துக்குப் போனது. அமெரிக்காவில் அதற்கு நேர்மாறு. அங்கே சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு நின்றது. ஆனால் அந்தத் தேதிக்குள் கட்டுப்படுத்தும் எழுத்து ஒப்பந்தமும் ஒரு தொகையும் கொடுத்திருந்தால், வண்டி பிறகு வந்தாலும் செல்லும் என்று வரித்துறை விளக்கம் சொன்னது. எட்டு மாதக் காத்திருப்பில் இருப்பவருக்கு இந்த ஒரு வரி வித்தியாசம் பெரிய பணம். உங்களுக்குப் பொருந்தும் விதியை அரசு அறிவிப்பிலேயே படியுங்கள். டீலர் சொல்லக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். இன்வாய்ஸில் கழித்துக் காட்டாத மானியத்தை உங்கள் பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள்.

சரி, கிராக்கி உண்மையில் இருக்கிறதா? மானியம் மட்டுமே தூக்கி நிறுத்திய கிராக்கியும் உண்டு, சொந்தக் காலில் நிற்பதும் உண்டு. நெதர்லாந்தில் 2013 டிசம்பரில் அதிகம் விற்ற கார் மிட்சுபிஷி அவுட்லேண்டரின் பிளக்-இன் வண்டி. காரணம், கம்பெனிக் கார் ஓட்டுகிறவர்களுக்கு இருந்த வரி விலக்கு அந்த வருடத்தோடு முடியப்போகிறது என்பதுதான். வரிச் சலுகை அடுத்தடுத்து குறைந்து 2017-இல் சாதாரணக் கார் அளவுக்கு வந்ததும் அந்த விற்பனை சுருங்கிவிட்டது. சீனாவில் கதை வேறு. 2021-இல் அந்நாட்டுக் கார் கம்பெனியான பிஒய்டி, டிஎம்-ஐ என்ற பெயரில் தன் பிளக்-இன் வரிசையைக் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் சின் பிளஸ் பிளக்-இன் காரை 79,800 யுவானுக்கு இறக்கி, பெட்ரோல் காரைவிட விலை குறைவு என்றே விளம்பரம் செய்தது. அந்த வருடம் பிஒய்டி விற்ற சுமார் 43 லட்சம் வண்டியில் ஏறக்குறைய 25 லட்சம் பிளக்-இன் ஹைப்ரிட். அங்கும் வரிச் சலுகை இருந்தது, ஆனால் விலையே பெட்ரோல் காருக்கு இறங்கி வந்ததுதான் ஜனங்களை இழுத்தது என்பது என் கருத்து.

அதே சீனாவில் 2025-இல் வேறொரு பிரச்சினை கிளம்பியது. விற்பனை எண்ணிக்கையைக் காட்டுவதற்காகவே வண்டியைப் பதிவு செய்துவிட்டு, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில் பழைய வண்டியாக விற்றார்கள். இதை நான் சொல்வது உங்கள் இரண்டாவது ஷோரூமுக்காக. தள்ளுபடி அளவுக்கு மீறி இருந்தால், அந்த வண்டி ஏற்கனவே யார் பெயரிலாவது பதிவாகியிருக்கிறதா, டெமோ வண்டியா என்று கேளுங்கள். பதிவான தேதியிலிருந்தே வாரண்டி ஓட ஆரம்பித்துவிடும். பேட்டரி வாரண்டியில் ஒரு வருடம் போவது சின்ன விஷயம் இல்லை.

யார்டில் நிற்கும் வண்டி எந்தத் தலைமுறை என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 2025 முதல் பிளக்-இன் வண்டிகளின் புகையைக் கணக்கிடும் முறை இறுகியிருக்கிறது. சின்ன பேட்டரி வண்டிகள் காகிதத்தில் காட்டிய நல்ல எண்கள் இப்போது எடுபடாது. சீனாவில் வரிச் சலுகைக்குத் தேவையான மின்சார ஓட்டம் 2026 முதல் 43 கிலோமீட்டரிலிருந்து 100 ஆக ஏறியது. அதனால் புதிய மாடல்கள் நூறு கிலோமீட்டரைத் தொடுகின்றன. ஐம்பது கிலோமீட்டர் ஓடும் முந்தைய மாடல்களை விற்றுத் தீர்க்கப் பார்க்கிறார்கள். உங்களுக்குக் காட்டியது அந்த ரகமாக இருந்தால் தள்ளுபடியின் காரணம் அதுவாகவே இருக்கலாம். உங்கள் தினசரி ஓட்டம் முப்பது, நாற்பது கிலோமீட்டர் என்றால் அது உங்களுக்கு ஒரு குறையே இல்லை. ஆனால் விற்கும்போது இன்றைய தள்ளுபடி மறுவிற்பனை விலையிலும் பிடிக்கப்படும் என்பதை மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் பார்க்கிங்கில் சாக்கெட் இருக்கிறதா? நீங்கள் கடிதத்தில் அதைப் பற்றி எழுதவில்லை. 16 யூனிட் பேட்டரியைச் சாதாரண வீட்டு சாக்கெட்டில் இரவு போட்டால் காலையில் நிரம்பிவிடும். வேறு ஏற்பாடு தேவையில்லை. ஆனால் தினமும் போட வேண்டும். ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், சாலையில் ஓடும் வண்டிகளிலிருந்தே எடுத்த தரவுப்படி, பிளக்-இன் ஹைப்ரிடுகள் விடும் கரியமில வாயு அதிகாரபூர்வக் கணக்கைப் போல சராசரியாக மூன்றரை மடங்கு. கம்பெனி செலவில் பெட்ரோல் போடும் கார்டு வைத்திருப்பவர்கள் சார்ஜே போடாமல் ஓட்டியது இதற்கு ஒரு பெரிய காரணம். சார்ஜ் போடாத பிளக்-இன் வண்டி கூடுதல் எடையைச் சுமக்கும் பெட்ரோல் வண்டிதான். இரவில் சார்ஜ் போட வழியில்லை என்றால் முதல் ஷோரூமில் சொன்ன சாதாரண ஹைப்ரிடையே எடுங்கள். அவர்கள் தங்கள் வசதிக்காகச் சொல்லியிருந்தாலும் உங்களுக்கு அதுதான் சரி.

சாக்கெட் இருக்கிறது என்றால், நான் இரண்டாவது ஷோரூமிலிருந்து தொடங்குவேன். நாள்கணக்கில் நின்ற வண்டி என்பதால் சிலவற்றைக் கையோடு பாருங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் தயாரிப்பு மாதம் இருக்கும். டிக்கியில் சார்ஜிங் கேபிள் பையோடு இருக்கிறதா என்று பாருங்கள்; சில இடங்களில் அதற்குத் தனி விலை போடுவார்கள். நீங்கள் இருக்கும்போதே வண்டியைச் சார்ஜில் போடச் சொல்லி, திரையில் காட்டும் மின்சார ஓட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் சும்மா நின்றால் சின்ன 12 வோல்ட் பேட்டரி அடிக்கடி இறங்கிவிடும். புதிதாக மாற்றித் தரச் சொல்வதில் தப்பே இல்லை. தள்ளுபடி, மானியம், எக்ஸ்சேஞ்ச் விலை மூன்றையும் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். ஒரே மொத்தத் தொகையாகச் சொன்னால் ஒன்றில் கொடுத்ததை இன்னொன்றில் எடுத்திருப்பார்கள்.

முதல் ஷோரூமின் மாடல்தான் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்றால் முன்பணம் கட்டலாம். ரத்து செய்தால் முழுசாகத் திரும்பும் என்று ரசீதிலேயே இருக்க வேண்டும், ஆர்டர் எண் வேண்டும், டெலிவரி அன்று உள்ள விலையா புக்கிங் அன்று உள்ள விலையா என்பதும் எழுத்தில் வேண்டும். நிறத்திலும் வசதிகளிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயார் என்று சொல்லிவையுங்கள். யாரோ ரத்து செய்யும் வண்டி பாதி நேரத்தில் உங்களுக்கு வரக்கூடும்.

யார்டு வண்டியின் தயாரிப்பு மாதம், மின்சார ஓட்டம், அவர்கள் எழுதித் தந்த விலை விவரம் ஆகியவற்றை எனக்கு அனுப்புங்கள். அதில் இன்னும் எவ்வளவு இறங்க இடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.